இரவில் பொங்கிய வரிகள் காலையில் ஏன் சப்பென்று இருக்கின்றன?

கேள்வி: மனம் கனத்துப்போன இரவுகளில் கவிதை தானாக வருகிறது. எழுதும்போது அழுதுவிடுகிறேன். காலையில் படித்தால் அதில் ஒன்றுமே இல்லை. திருத்தினால் இருக்கிற உணர்வும் போய்விடுமோ என்று பயம். எனக்குக் கவிதை வராதா?

பதில்: வரும். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அது இன்னும் உங்களிடமே இருக்கிறது, தாளில் இறங்கவில்லை. இரவில் ‘வலி’ என்று ஒரு சொல் போட்டாலே போதும், மீதியை உங்கள் மனம் நிரப்பிக்கொள்ளும். காலையில் அந்த மனநிலை கலைந்துவிட, சொல் மட்டும் மிஞ்சுகிறது. வாசகர் கையில் கிடைப்பதும் அந்தச் சொல் மட்டும்தான். அதனால்தான் திருத்தச் சொல்கிறேன்.

திருத்துவது என்றால் அழகான சொல்லாகத் தேடிப் போடுவது இல்லை. தனிமை, ஏக்கம், வெறுமை என்று எழுதிய இடங்களில் நின்று, அந்த நேரத்தில் என் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். பாதி திறந்த கதவா? யாரும் உட்காராத நாற்காலியா? குறுந்தொகையின் 40ஆம் பாட்டு ஐந்தே அடி. அதில் ‘அன்பு’ என்ற சொல் கடைசி அடியில்தான் வருகிறது, செம்மண்ணில் மழை பெய்து கலந்த பிறகு. அந்தக் காட்சி அவ்வளவு ஆழமாகப் பதிந்ததால், பாடியவரின் இயற்பெயர் மறைந்து செம்புலப்பெயனீரார் என்பதே அவர் பெயராக நின்றுவிட்டது.

அப்புறம், பொறுமை. இதைத்தான் இன்று பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் கண்ட முகங்களைப் பற்றி அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் முதலில் 30 வரி எழுதி, அதை அழித்தார். ஆறு மாதம் கழித்து எழுதியது அதில் பாதி. இன்னும் ஓராண்டு போன பிறகு இரண்டு வரிகளுக்கு வந்து சேர்ந்தார். 1913-இல் வெளியானது அந்த இரண்டு வரிதான்.

இரவில் வருவதை அப்படியே எழுதுங்கள், தடுக்காதீர்கள். தேதி போட்டு வையுங்கள். சில வாரம் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடம் காதுக்கே தெரிந்துவிடும். கடைசி இரண்டு வரியைக் கையால் மறைத்தும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான், முன்பே சொன்னதற்கு நாம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்போம். அவை இல்லாமலே கவிதை நின்றால் தயங்காமல் வெட்டுங்கள். திருத்தியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போக, முதல் வடிவம் உங்கள் நோட்டில் பத்திரமாக இருக்கும்.