எகிப்தின் துறைமுக ஊரான போர்ட் சயீதின் பழைய புகைப்படங்களில் வானம் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கிறது?

1860, 70-களின் அந்தப் படங்களில் பல ‘ஈரத்தட்டு’ முறையில் எடுத்தவை. 1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை இது. ஈதரும் ஆல்கஹாலும் கலந்த, கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிப் பரப்பி, இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் முக்கி, ஈரத்தோடே கேமராவில் வைத்துப் படம் பிடித்து, உடனே டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) ஊற்றிக் கழுவ வேண்டும். சாணம் தெளித்த வாசல் காய்ந்தபின் போட்ட கோலம் ஒட்டாதது போல, தட்டு உலர்ந்துவிட்டால் டெவலப்பர் உள்ளே இறங்காது. சாதாரணமாகப் பத்து நிமிடமாவது கிடைக்கும். எகிப்து வெயிலில் அதுவும் கிடையாது. போதாக்குறைக்கு, பறக்கும் மணல் ஒட்டினால் படத்தில் புள்ளி விழும்.

அதனால் போகிற இடத்துக்கெல்லாம் இருட்டறையும் கூடவே போக வேண்டும். சூயஸ் கால்வாய் வேலைக்காக 1859-இல் முளைத்த இந்த ஊரில் புகைப்படத் தொழில் செய்த இப்போலித் ஆர்னூ, ஒரு படகையே இருட்டறையாக்கிக்கொண்டார். கால்வாயைப் படம் எடுப்பவருக்கு இதைவிட வசதி ஏது!

வானத்துக்கு வருவோம். கொலோடியன் தட்டு நீல ஒளியைத்தான் அதிகம் உணரும். மணலும் கட்டடமும் பதிவாவதற்குள் வானம் அளவு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். நாள்பட்டு வெளுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அச்சிட்ட அன்றே அந்த வானம் வெள்ளைதான்.