நாக்கு இல்லாத இரட்டை மணி

கேள்வி: அப்பா 1970களில் நைஜீரியாவின் எனுகு பக்கம் ஆசிரியராக இருந்தார். பரணில் அவர் கொண்டுவந்த இரட்டை இரும்பு மணி கிடைத்தது. உள்ளே நாக்கு இல்லை, துரு வேறு. நாக்கு வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து மாட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நாக்கு விழுந்துவிடவில்லை, முதலிலிருந்தே கிடையாது. எனுகு பக்கம் என்பதால் இது இக்போ மக்கள் தட்டி ஒலிக்கும் ஓகெனே என்ற மணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடைக்காரர்கள் அகோகோ என்பார்கள். அது யொருபா மொழிப் பெயர்.

பக்கவாட்டில் தடவிப் பாருங்கள். சோமாசி ஓரம் போல ஒரு விளிம்பு தட்டுப்படும். இரண்டு தகடுகளைக் குழிவாக அடித்து, ஓரத்தைக் காய்ச்சிச் சேர்த்த இடம் அது. இந்தக் கொல்லு வேலைக்கு ஆவ்கா ஊர்க் கொல்லர்கள் பேர்போனவர்கள். ஊர் ஊராகப் போய்ப் பட்டறை போட்டவர்கள்.

இரண்டு மணிகளும் ஒரே அளவில் இருக்காது. பெரியது தாழ்ந்த குரல், சின்னது உயர்ந்த குரல். இக்போ மொழியில் சுருதி மாறினால் பொருளே மாறிவிடும். 'அக்வா' என்பதை இரண்டு அசையும் உயர்த்திச் சொன்னால் அழுகை. உயர்த்தி இறக்கினால் துணி. இறக்கி உயர்த்தினால் முட்டை. அதனால் இரண்டு சுருதி இருந்தால் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே மணியில் தட்டிக் காட்டிவிடலாம். ஊரில் தண்டோரா போடுகிறவரும் ஓகெனேவைத் தட்டித்தான் கூட்டத்துக்கு அழைப்பார். நாக்கு வைத்து ஆட்டினால் இதெல்லாம் போய் வெறும் கிணுகிணுப்புதான் மிஞ்சும்.

மரக் குச்சியால் தட்டுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். உட்கார்ந்து, மணியின் வாயைத் தொடையில் அழுத்தினால் ஒலி அடங்கும், எடுத்தால் விரியும். ஒலியில் கரகரப்பு வந்தால் விளிம்பு எங்கோ விட்டிருக்கிறது. அப்போதும் வெல்டிங் பக்கம் போகாதீர்கள். சூட்டில் சுருதி மாறலாம்.

அப்புறம் துரு. குத்துவிளக்குக்குப் போடும் புளி இதற்கு ஆகாது. அதன் அமிலம் இரும்பை அரிக்கும். உதிரும் துருவை மட்டும் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் தடவினால் நாளடைவில் பிசுக்கேறும். சம்மட்டித் தழும்பு தெரிந்தால் அப்படியே விடுங்கள், அதுதான் அழகு. பெயின்ட் அடித்தால் அந்தத் தழும்பும் மறையும், ஒலியும் மழுங்கும்.

இது நைஜீரியாவின் இக்போ-உக்வு ஊரில் கிடைத்த பழம்புதையலோ என்று ஆசைப்பட வேண்டாம். அங்கே 1959 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்தவற்றில் பேசப்படுபவை வெண்கலப் பொருட்கள். சுமார் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உங்களுடையது அப்பா காலத்துக் கொல்லர் அடித்ததாகவே இருக்கலாம்.