27 துப்பாக்கியும் ஒரு மடக்கு நாற்காலியும்

வணக்கம் சார்,

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் மூன்று வருஷம் கணக்கு எழுதும் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன். எங்கு போனாலும் தொப்பி போட்ட ஜனாதிபதி முசெவேனியின் படம். குஜராத்திக் கடைக்காரர்கள் அவரை ஒரு வார்த்தை குறை சொல்ல விடமாட்டார்கள். கூட வேலை பார்த்த உகாண்டாப் பையன்களோ, அவர் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்கள். 1986-லிருந்து ஒரே ஆள். எப்படி சார் முடிகிறது? ராணுவ பலம்தானா?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

ராணுவம் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டும் போதும் என்றால் அங்கே முன்பு ஆண்ட ராணுவ சர்வாதிகாரி இடி அமீன் எட்டே வருஷத்தில் ஓடியிருக்க மாட்டார்.

1980 டிசம்பர் தேர்தலில் முசெவேனியின் கட்சி பிடித்தது ஒரே ஒரு இடம், அவரே தன் தொகுதியில் தோற்றார். அமீனுக்கு முன் ஆண்ட ஒபோட்டே ஜெயித்ததாக அறிவித்தார்கள். தில்லுமுல்லு என்று சொல்லி முசெவேனி கெரில்லாப் போருக்குக் காட்டுக்குப் போனார். 1981 பிப்ரவரியில் கபாம்பா ராணுவ முகாமைத் தாக்கப் போனபோது கூட இருந்தது நாற்பது சொச்சம் பேர், கையில் 27 துப்பாக்கி. அங்கிருந்து ஐந்து வருஷம், கம்பாலாவுக்கு வடக்கே லுவெரோ பக்கம் சண்டை போட்டு 1986 ஜனவரியில் கம்பாலாவுக்குள் நுழைந்தார்கள். சிப்பாயைக் கண்டாலே கதவைச் சாத்தும் ஊர் அது. அங்கே யாரிடமும் எதையும் பிடுங்காதே என்று ஒழுங்குவிதி எழுதி வைத்திருந்த படை வந்தால் மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த நிம்மதிதான் அவருடைய முதல். அதை வைத்துத்தான் இன்றுவரை வட்டி வாங்குகிறார். உங்கள் குஜராத்திக் கடைக்காரர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள்: 1972-இல் அமீன் 90 நாள் கெடு வைத்துத் துரத்தியவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, சொத்தையும் கொடுத்தவர் இவர். (வடக்கே அச்சோலி மக்களிடம் கேட்டால் இந்த நிம்மதிக் கதையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏறத்தாழ இருபது வருஷம் அவர்கள் போரிலும் முகாமிலும் கிடந்தார்கள்.)

சரி, அப்புறம் எப்படி நீடித்தார்? சட்டத்தை மீறி இல்லை, சட்டத்தைத் திருத்தித்தான். பதவியை விட மனசில்லாத தலைவர்கள்தான் ஆப்பிரிக்காவின் பிரச்சினை என்று 1986-இல் சொன்னவர் இவரேதான். பிற்பாடு கேட்டபோது, தேர்தல் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைச் சொன்னேன் என்றார்! 1995 அரசியல் சட்டம் ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாகலாம் என்றது, 75 வயதுக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. 2005-இல் எம்.பி.க்களுக்குத் தலைக்கு 50 லட்சம் ஷில்லிங் போய்ச் சேர்ந்தது, இரண்டு தடவை என்ற வரம்பு போனது. 2017-இல் வயது வரம்பு. அன்று நாடாளுமன்றத்துக்குள்ளேயே நாற்காலி பறந்தது, மஃப்டியில் வந்த ஆட்கள் எதிர்க்கட்சி எம்.பி.க்களைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். டிசம்பரில் அந்த வரம்பும் போயிற்று. 1944-இல் பிறந்தவருக்கு 2021 தேர்தலில் நிற்க அது தேவைப்பட்டது. அந்தத் தேர்தலில் பாட்டுக்காரர் பாபி வைன் எதிரே நின்றார், நாடு முழுக்க இணையத்தை நிறுத்தினார்கள், முசெவேனிக்கு 58 சதவீதம் என்று அறிவித்தார்கள்.

இந்த மனிதரை வெறும் கொடுங்கோலனாக எழுதிவிடவும் முடியவில்லை. 2016-இல் ஒருநாள் கார் வரிசையை நிறுத்திவிட்டு, சாலையோரம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாவகாசமாகப் போன் பேசினார். அந்தப் படத்தை வெட்டி ஒட்டி நாடே விளையாடியது. தாத்தா மாதிரி இருப்பார், மாடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வீட்டு ஆட்களும் பக்கத்திலேயே: மனைவி ஜேனட் கல்வி அமைச்சர், மகன் முஹூஸி 2024-இலிருந்து முப்படைத் தளபதி.

உகாண்டாவில் முக்கால்வாசிக்கு மேல் 1986-க்குப் பிறகு பிறந்தவர்கள். அமீன் காலப் பயத்தைக் காட்டி அவர்களிடம் ஓட்டு வாங்க முடியாது. அவர்களுக்கு வேறு பயம் வேண்டியிருக்கிறது. கிஸ்ஸா பெசிக்யேயைத் தெரிந்திருக்கும். காட்டில் முசெவேனிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், பின்னால் நாலு தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர். 2024 நவம்பரில் நைரோபியில் வைத்து அவரைத் தூக்கி, எல்லை தாண்டிக் கொண்டுவந்து கம்பாலாவில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். டாக்டருக்கே இந்தக் கதி என்றால், உங்களோடு உட்கார்ந்து கணக்கு எழுதிய பையன் என்ன பேசிவிடுவான் சொல்லுங்கள்.