வாசகர் கேள்வி - பதில்: 600 பக்கத்தில் வழி தவறாமல்

கேள்வி: எங்கள் வாயனசாலையில் மார்லன் ஜேம்ஸின் ‘பிளாக் லெபர்ட், ரெட் வுல்ஃப்’ எடுத்தேன். 40 பக்கத்தில் மூச்சு முட்டுகிறது. ஆப்பிரிக்கப் புராணம் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டியதில்லை. உங்களைத் திணறடிப்பது புராணமல்ல, கதை சொல்கிறவன். 2019-இல் வந்த இந்த நாவலில், மோப்பம் பிடித்தே ஆள் தேடும் ட்ராக்கர் என்பவன் சிறையில் இருந்தபடி விசாரணையாளரிடம் வாக்குமூலம் கொடுக்கிறான். நினைத்த இடத்தில் கிளைக்கதைக்குத் தாவுவான், சிலதை மழுப்புவான். முதல் பாகம் அவன் இளமைக்காலச் சங்கதிகள். காணாமல்போன சிறுவனைத் தேடும் கதை இரண்டாம் பாகத்தில்தான் பிடிமானம் பெறுகிறது. அதுவரை ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்காமல் போங்கள்.

முன்பக்கத்தில் பாத்திரப் பட்டியலும் வரைபடங்களும் உண்டு. பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் ட்ராக்கர், லெபர்ட், சோகோலோன் என்று மூன்று பெயரை மட்டும் எழுதி, புது ஆள் வரும்போது ‘யாருடைய ஆள்?’ என்று ஒரு வார்த்தை குறியுங்கள். சீட்டே பக்க அடையாளமுமாகும். பெயருக்குப் பெயர் கைபேசியில் தேடினால் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துபோகும். உரையாடலில் யார் பேசுகிறார் என்பது பல இடத்தில் இருக்காது; குழம்பினால் பேச்சு தொடங்கிய வரிக்குப் போய் வாய்விட்டுப் படியுங்கள், குரல் பிரிந்துவிடும். இன்னொரு சிக்கல் தூரம். மந்திர வாசல்கள் வழியாக ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் போய்விடுவார்கள். வரைபடத்தில் விரல் வைத்துக்கொண்டு வந்தவர் அங்கே தொலைந்தே போவார். நாளுக்கு 25 பக்கம் போதும், ஒரு மாதத்தில் முடியும். விட்டு விட்டு வாரம் ஒருநாள் படிக்கிற நூல் அல்ல இது.

கேள்வி: ‘பிளாக் லெபர்ட், ரெட் வுல்ஃப்’ நாவலில் வரும் பூதங்கள் எல்லாம் நிஜமாகவே ஆப்பிரிக்காவில் நம்பப்பட்டவையா?
- ஒரு வாசகி, நகரி

பதில்: சில அப்படியே, சில திரித்தவை, சில கற்பனை. சசபோன்சம் கானா நாட்டு அகான் மக்களின் வழக்கில் உள்ளது: காட்டு மரத்தில் உட்கார்ந்து, கொக்கிக் கால்களால் கீழே போகிறவரைத் தூக்கும். ‘மிங்கி’ குழந்தைகள் இன்னும் அசலானவர்கள். எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் மேல்பல் முதலில் முளைத்த குழந்தையைக் கெட்ட சகுனம் என்று ஒதுக்கி, கொன்றும் இருக்கிறார்கள். ‘மேல்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது’ என்று நம் பக்கத்துப் பாட்டிமார் சொல்வார்களே, அதன் கொடூரமான அண்ணன். கானாவும் ஓமோவும் கண்டத்தின் இரு கோடி. இரண்டையும் ஒரே ‘ஆப்பிரிக்கப் புராணம்’ என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியர் ஜமைக்காக்காரர், பல மூலைகளிலிருந்தும் அள்ளியிருக்கிறார்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு இந்த நாவலை வாங்கித் தரலாமா?
- ஒரு தாய், குமுளி

பதில்: இப்போது வேண்டாம். பாலியல் வன்முறையும் சித்திரவதையும் நெடுக வரும். டோமி அடேயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ (2018) வாங்குங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களுடைய தெய்வங்களை வைத்து இளையோருக்கு எழுதியது. சண்டை, சாவு அதிலும் உண்டு. மூன்று பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள்; சொல்பவர் பெயர் அத்தியாயத் தலைப்பிலேயே இருக்கும்.