கேள்வி - பதில்: முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஒரு துறையின் தலைமை

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகள், அங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சைத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்கவிருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் அறுவை சிகிச்சை பயின்றவள் இனிக் கோப்புகளோடுதான் காலம் தள்ள வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கவலைப்படாதீர்கள், அம்மா. அங்கே துறைத் தலைவராக இருப்பவர் பெரும்பாலும் தாமும் புறநோயாளிகளைப் பார்த்து, தாமும் அறுவை அரங்கில் நிற்பவராகவே இருப்பார். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் பெருந்திரளாக வீடு திரும்பியபோது, தளபதி ஓமர் பிராட்லி முன்னாள் படைவீரர் நிர்வாகத்துக்குத் தலைமை வகித்த காலத்தில், 1946-இல், இம்மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கும் கொள்கை வகுக்கப்பட்டது. அதன் பயனாக, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுக் காது மூக்கு தொண்டைப் பயிற்சி பெறும் ரெசிடென்ட் மருத்துவர்கள் முறை வைத்து இங்கே வந்து பணியாற்றுகிறார்கள். அவர்களுடைய கை எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது, எந்த அறுவையில் எந்தக் கட்டம் வரை அவர்களை விடலாம் என்று முடிவு செய்வதும் தலைவரின் பொறுப்பே.

வரும் நோயாளிகளில் வயது முதிர்ந்த ஆண்கள் மிகுதி. வெடியோசைக்கும் இயந்திர இரைச்சலுக்கும் இடையே பணியாற்றியவர்கள் என்பதால், படைப்பணியில் நேர்ந்த குறைபாட்டுக்காக இழப்பீடு பெறுவோரிடம் மிக அதிகமாகக் காணப்படுவது காதிரைச்சலே; கேள்திறன் இழப்பும் மிகுதி. இவர்களில் பெரும்பாலோரைக் கேள்திறன் வல்லுநர்களே கவனித்துக்கொள்வார்கள். ஒரு காதில் மட்டும் கேள்திறன் குறைந்தவர், காதுக் கருவியாலும் பயனடையாதவர் போன்றோர் அறுவை மருத்துவரிடம் காலதாமதமின்றி வந்து சேரும்படி வழியமைப்பது துறையின் வேலை.

தலைவரை மிகவும் வாட்டுவது காத்திருப்பு நாட்கள்தாம். 2018-இல் இயற்றப்பட்ட மிஷன் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, சிறப்பு மருத்துவருக்காக 28 நாட்களுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தாலோ, சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் செல்ல நேர்ந்தாலோ, வீரர் வெளி மருத்துவரிடம் அரசுச் செலவில் போகத் தகுதி பெறுகிறார். சைனஸ் தொல்லைக்கு இது நல்ல ஏற்பாடு. கழுத்தில் கட்டியோடு வருபவருக்கோ, திசுப் பரிசோதனை ஓரிடத்திலும் ஸ்கேன் வேறிடத்திலும் கதிர்வீச்சு மற்றோரிடத்திலும் என்று சிகிச்சை சிதறிவிட்டால், அவருடைய நோய் முழுவதையும் ஒருசேரப் பார்க்க யாருமில்லாமல் போகும். ஆகவே புற்றுநோய் ஐயமுள்ளவரை முன்னிறுத்தி, அந்த வாரமே பார்க்க இடம் ஒதுக்கிவைப்பதையே ஒரு தலைவரின் முதற்கடமையாக நான் கருதுகிறேன்.

கேள்வி: குரல்வளைப் புற்றுநோய் முற்றிய நிலையிலும் குரல்வளையை அகற்றாமல் காப்பாற்றலாம் என்று முதலில் காட்டியவை இத்தகைய மருத்துவமனைகள்தானா?
- வாசகர், மதுரை

பதில்: பெரிய அளவில், சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளை இரு பிரிவாக்கி அதை உறுதிப்படுத்தியவை அவையே. 1991-இல் வெளியான அந்த ஆய்வில், மூன்றாம் அல்லது நான்காம் கட்ட நோயுடைய 332 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் குரல்வளையை அகற்றிப் பின்னர்க் கதிர்வீச்சு தரப்பட்டது. மறு பிரிவினருக்குச் சிஸ்பிளாட்டின், ஃபுளோரோயுராசில் ஆகிய புற்றுநோய் மருந்துகள் இரு சுற்று கொடுக்கப்பட்டன. கட்டி சுருங்கியவர்கள் மூன்றாம் சுற்றுக்கும் கதிர்வீச்சுக்கும் சென்றார்கள், சுருங்காதவர்களுக்கு அறுவை செய்யப்பட்டது. ஈராண்டு முடிவில் இரு பிரிவிலும் 68 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். மருந்துப் பிரிவில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளை அகற்றப்படாமல் நிலைத்தது.

இதன் அருமை எண்களில் மட்டும் அடங்கிவிடவில்லை. குரல்வளையை இழந்தவர் கழுத்தில் இட்ட துளை வழியாக வாழ்நாள் முழுதும் மூச்சுவிட வேண்டும். பேசுவதற்குப் புதிதாகக் கற்க வேண்டும். அதைத் தவிர்க்க இயலுமா என்ற கேள்வியை, அறுவையையே தொழிலாகக் கொண்ட மருத்துவர்கள் பல ஊர்களிலும் ஒரே விதிமுறைக்குக் கட்டுப்பட்டு, தம் கைவேலையையே சோதனைக்கு உட்படுத்திக் கேட்டார்கள். எந்தத் துறைத் தலைவருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மருந்துப் பிரிவில் அதே இடத்தில் நோய் திரும்புவது கூடுதலாகவும், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது குறைவாகவும் இருந்ததை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிவிட்ட நோய்க்கு இன்றும் அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. குரல்வளை இருந்தும் உணவு நுரையீரலுக்குள் இறங்குகிறது என்றால், காத்த உறுப்பால் நோயாளிக்குத் துன்பமே. எனவே முடிவு எடுக்கும் முன்பே அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துச் சிகிச்சை மருத்துவர், பேச்சு மற்றும் விழுங்கல் வல்லுநர் ஆகிய அனைவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். டியூமர் போர்டு என்னும் அந்தக் கூட்டத்தை ஒரு வாரமும் தவறாமல் நடத்த வைப்பவர் தலைவர்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஒரு துறை நன்றாக நடக்கிறதா என்று எப்படி அறிவது?
- முதுநிலை மருத்துவ மாணவர், சென்னை

பதில்: அமெரிக்க நாடாளுமன்றம் இதே கேள்வியை 1980-களில் எழுப்பி, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் தங்கள் அறுவை விளைவுகளை நோயாளிகளின் உடல்நிலையைக் கணக்கில் கொண்டு நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டமியற்றியது. அப்படியொரு சராசரி அப்போது நாட்டிலேயே இல்லை. ஆகவே 1991-இல் தொடங்கி 44 மருத்துவமனைகளில் தரவு திரட்டினார்கள். பாஸ்டனைச் சேர்ந்த இதய அறுவை மருத்துவர் ஷுக்ரி கூரி இதை முன்னின்று நடத்தினார். பயிற்சி பெற்ற செவிலியர்கள், அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் நேரும் இறப்பையும் சிக்கல்களையும் வரையறுத்த முறைப்படி பதிவு செய்கிறார்கள். மதிப்பிடப்படும் மருத்துவரே தம் கணக்கைத் தாமே எழுதுவதில்லை என்பதுதான் இதன் வலிமை. பின்னர் இம்முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் பிற மருத்துவமனைகளுக்கும் கொண்டுசென்றது.

நீங்கள் இன்றே ஒரு நோட்டில் தொடங்கலாம்: உங்கள் பிரிவில் அறுவைக்குப் பின் இரத்தக் கசிவுக்காக மறுபடி அரங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் எத்தனை பேர், கழுத்துக் காயம் சீழ் பிடித்தவர் எத்தனை பேர், 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அறுவை செய்தவரைத் தவிர வேறொருவர் அதை எழுதட்டும்.