‘பிடிக்கவில்லை என்றால் அழைத்துப் போங்கள்’ என்கிறது காப்பகம். என் தம்பிக்காக யாரிடம் போவது?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. வலிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறான். பெற்றோர் காலமான பிறகு, மூன்று ஆண்டுகளாக மாதக் கட்டணம் கட்டி ஒரு தனியார் காப்பகத்தில் தங்க வைத்திருக்கிறேன். ஏழு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 49 கிலோவுக்கு இளைத்துவிட்டான். எப்போது போனாலும் தூக்கக் கலக்கம். கடைசியாகப் பார்த்தபோது இரண்டு மணிக்கட்டிலும் வளையம் போலக் கன்றிய தடம் இருந்தது. கேட்டால், ‘பிடிக்கவில்லை என்றால் அழைத்துப் போங்கள்’ என்கிறார்கள். சேர்க்கும்போது ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் அவனுக்குச் சட்டப்படியான காப்பாளரும் இல்லை. என்ன செய்வது?

பதில்: அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் தம்பி வயது வந்தவர். அவருடைய உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. குற்ற நடவடிக்கை எடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் செல்லாது. காப்பாளராக இல்லையே என்ற கவலையும் இப்போதைக்குத் தடையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 7-ஆம் பிரிவு, துன்புறுத்தல் நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம் என்கிறது. உறவினர்தான் வர வேண்டும் என்றுகூட இல்லை.

நீங்கள் சொன்னவற்றில் அவசரமானது மணிக்கட்டுத் தடம். கன்றிய தடம் சில நாட்களில் மறைந்துவிடும். அதோடு சாட்சியமும் போய்விடும். இதைப் படித்த அன்றே தம்பியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தடத்தின் இடம், அளவு, நிறம் ஆகியவற்றை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, ‘ஏ.ஆர். காப்பி’ கேளுங்கள். எடையையும் அங்கேயே பதிவு செய்யுங்கள். என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், யார் எழுதிக் கொடுத்தது என்ற பட்டியல் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்துக்கு வலிப்பு மருந்தின் அளவும் காரணமாக இருக்கலாம். அடக்கி வைப்பதற்காகச் சீட்டில் இல்லாத மாத்திரை கொடுப்பதும் காரணமாக இருக்கலாம். சந்தேகத்தில் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

தம்பியிடம் பேசும்போதும் கவனம் வேண்டும். ‘அவங்க கட்டிப்போட்டாங்களா?’ என்று கேட்காதீர்கள். கேட்பவரைச் சந்தோஷப்படுத்த எதற்கும் ‘ஆமா’ சொல்பவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். ‘கையில என்ன ஆச்சு?’ என்று ஒரே ஒரு முறை கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையை அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் மாறும், வழக்கும் அங்கேயே பலவீனமாகும். அறிவுசார் குறைபாடு உள்ளவர் சாட்சி சொல்ல முடியாது என்று காவல் நிலையத்தில் சொன்னால் நம்பாதீர்கள். கேள்வியைப் புரிந்துகொண்டு விளங்கும்படி பதில் சொல்ல முடிந்தால் அவரும் தகுதியான சாட்சிதான். சிறப்புக் கல்வியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது மனு. காப்பகம் இருக்கும் பகுதியின் நிர்வாக நடுவரிடம், அதாவது வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம், நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பலர் தவறுவது இங்கேதான். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் பொதுவான மனுவாகக் கொடுத்துவிடுகிறார்கள். அது துறைக்கு அனுப்பப்பட்டு, துறை காப்பகத்திடமே விளக்கம் கேட்டு, வாரங்கள் ஓடிவிடுகின்றன. மனுவின் தலைப்பிலேயே ‘2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(2) பிரிவின் கீழ்’ என்று எழுதுங்கள். அப்படி வந்த தகவலின் மேல் நடுவர் உடனடி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். மீட்கவும், பாதுகாப்பான இடத்தில் வைக்கவும், பராமரிப்புச் செலவு கொடுக்கச் சொல்லவும் அவர் உத்தரவிடலாம். ‘கவனிப்பு சரியில்லை’ என்ற வரி மனுவில் எதையும் நிரூபிக்காது. எந்தத் தேதியில் எத்தனை கிலோ, எந்தத் தேதியில் எந்தக் கையில் தடம், யார் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். மருத்துவப் பரிசோதனை, காப்பக ஆய்வு, கட்டி வைப்பதை நிறுத்துதல் ஆகியவற்றைத் தனித்தனிக் கோரிக்கையாக வையுங்கள். சிசிடிவி பதிவைக் கைப்பற்றவும் கேளுங்கள். பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துவிடும். மனு கொடுத்த பிறகே காப்பகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். முதலில் அவர்களுக்கு எழுதினால் பதிவேடுகளைச் ‘சரிசெய்ய’ நேரம் கொடுத்ததாகிவிடும்.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். பராமரிப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ நீரோ மறுப்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஒன்பது கிலோ இழப்புக்கு நோய் காரணமில்லை என்று மருத்துவர் எழுதினால், அந்த ஒரு தாள் மிகவும் கனமானது. கட்டி வைப்பதை ‘அவர் பாதுகாப்புக்குத்தான்’ என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் கருகினார்கள். அந்தச் சமாதானத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

காப்பகத்துக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி பதிவில்லாமல் இத்தகைய நிறுவனம் நடத்தக் கூடாது. நிபந்தனையை மீறினால் பதிவை ரத்து செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம். மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போய் அலையாதீர்கள்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோயாகக் கருதுவதில்லை.

இதற்கிடையே காப்பாளர் பொறுப்புக்கும் விண்ணப்பியுங்கள். 18 வயதுக்குப் பிறகு பெற்றோருக்கே அது தானாக வராது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு நியமிக்கும், கூடப்பிறந்தவர் கேட்கலாம். நியமனமானால் ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும்.

காப்பகத்தை விட்டு அழைத்து வருவதானால், எங்கே தங்க விருப்பம் என்று தம்பியைக் கேட்டு, இடம் உறுதியான பிறகு அழையுங்கள். மருத்துவக் குறிப்பு, 15 நாள் மாத்திரை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு வாங்குங்கள். ‘திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளை நீட்டினால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கட்டிய பணத்துக்குச் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தம்பியின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.