ஓடுபாதைக்கு வெளியே புல்லுக்குள் இருக்கும் சிறிய கான்கிரீட் மேடைகள் உண்மையிலேயே ஆபத்தானவையா?

சிறிய விமானத்தளங்களில் மரங்களையும் மின்கம்பிகளையும் பற்றி எல்லோரும் பேசுவது புரிகிறது, ஆனால் விமானம் ஓடுபாதையில்தானே ஓடுகிறது, பக்கத்துப் புல்வெளியில் முழங்காலுக்கும் கீழே இருக்கும் மேடையால் என்ன ஆகிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு சிறிய விமானத்தளத்தின் பராமரிப்புப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர் என்றும், இப்படியொரு மேடையை இடிக்கச் சொன்னபோது மேலிடத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். அந்த வேலையில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் என் பதில்: ஆம், ஆபத்தானவை, பல தளங்களில் மரங்களைவிடவும் அதிகமாக.

மரத்துக்கு ஓர் அளவு இருக்கிறது, அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரநிலைப்படி, 800 மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள, கருவி உதவியின்றித் தரையிறங்கும் ஓடுபாதையில், இறங்குமுனைக்கு (தரையிறங்கப் பயன்படும் பகுதியின் தொடக்கத்துக்கு) 30 மீட்டர் முன்பிருந்து 5 சதவீதச் சரிவில் ஒரு கற்பனைப் பரப்பு வெளிநோக்கி எழுகிறது. 15 மீட்டர் உயர மரம் அந்தப் பரப்பைத் துளைக்காமல் இருக்க வேண்டுமானால் முனையிலிருந்து 330 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். மரத்தை வெட்ட முடியாவிட்டால் இறங்குமுனையை உள்ளே தள்ளி வைக்கலாம், கம்பியில் வண்ண உருண்டைகளைக் கட்டலாம், விமானிகளுக்கு அறிவிப்பும் கொடுக்கலாம். புல்லுக்குள் மறைந்திருக்கும் கான்கிரீட்டைப் பற்றி யாரும் அறிவிப்புக் கொடுப்பதில்லை.

நான் பணியாற்றிய தளத்தில் காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பைக் கம்பத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பழைய கம்பத்தை அறுத்து எடுத்துவிட்டு, அதன் அடித்தளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். முதலில் அது தரைமட்டத்தில்தான் இருந்தது. மழைநீர் சுற்றியிருந்த மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு போனதில் கான்கிரீட்டின் விளிம்பு ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிந்தது. அறுத்த போல்ட்டுகளின் துருப்பிடித்த முனைகளும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. புல் வளர்ந்துவிட்டால் பத்தடி தூரத்திலிருந்தும் எதுவும் தெரியாது. நான் ஓடுபாதையின் மையக்கோட்டிலிருந்து தூரத்தை அளந்து, படம் எடுத்து, அது ஓடுபாதைப் பட்டைக்குள்தான், அதாவது விலகி ஓடும் விமானத்துக்காக ஓடுபாதையைச் சுற்றி ஒதுக்கிய நிலத்துக்குள்தான், வருகிறது என்று எழுதிக் கொடுத்தேன். ஓடுபாதையின் தளத்துக்கு வெளியே இருப்பதால் அதைத் தடையாகக் கருத இயலாது என்று பதில் வந்தது.

பின்னர் ஒரு மாலை, பக்கக்காற்று வலுத்திருந்த நேரத்தில், ஒரு பயிற்சி விமானம் தரையிறங்கி, வேகம் குறைந்துகொண்டிருந்தபோதே ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் ஓடியது. வெறும் புல்லாக இருந்திருந்தால் சேறு பூசிக்கொண்டு நின்றிருக்கும். முன்சக்கரம் அந்தக் கான்கிரீட் விளிம்பில் மோதியது, சக்கரத்தைத் தாங்கும் கால் மடங்கியது, புரொப்பெல்லர் மண்ணைக் குத்திக் கிளறி வளைந்து நின்றது. பயிற்றுநரும் மாணவரும் தாங்களே கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தார்கள் என்பதை இன்றைக்கும் நிம்மதியோடு நினைத்துக்கொள்கிறேன். சிறிய பயிற்சி விமானங்கள் பலவற்றில் புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் இடையே ஓரடிகூட இடைவெளி கிடையாது என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு சாண் கான்கிரீட் எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரே நிகழ்வை வைத்துக்கொண்டு பொதுவாகப் பேசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் நடந்ததைப் பார்க்கட்டும். சக்கரங்கள் இறங்காமல் வயிற்றால் சறுக்கி வந்த ஜெஜு ஏர் விமானம், ஓடுபாதை முனையைக் கடந்து, லோக்கலைசர் ஆன்டெனாவை (தரையிறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் மையக்கோட்டை ரேடியோ அலையால் காட்டும் கருவியை) தாங்கிய, உள்ளே கான்கிரீட் கொண்ட மண்மேட்டில் மோதியது; 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். 2010 மே 22 அன்று மங்களூரிலும், ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விமானத்தின் இறக்கை லோக்கலைசரைத் தாங்கிய கான்கிரீட் அமைப்பில் மோதியது. அதன் பிறகு விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் உயிரிழந்தார்கள். பெரிய ஜெட் விமானங்களின் விபத்தையும் பயிற்சி விமானத்தையும் நான் ஒன்றாக்கவில்லை, அந்த விபத்துகளுக்கு மற்றக் காரணங்களும் இருந்தன என்பதையும் மறுக்கவில்லை. விலகி ஓடும் விமானத்தின் வழியில் விறைப்பான பொருளை நிறுத்தக்கூடாது என்ற விதி மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எனக்கு ஆறாத ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் தளத்தில் நடந்ததற்கு விமானியின் தவறு என்று ஒரே வரியில் எழுதி முடித்தார்கள். விலகியது அவர் கையில் நேர்ந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் விமானிகள் சிலசமயம் விலகுவார்கள் என்று தெரிந்துதானே ஓடுபாதையைச் சுற்றிப் பட்டை என்ற ஒன்றையே வகுத்தார்கள்? அது அழகுக்காக விட்ட புல்வெளி அன்று.

உங்கள் மேலிடத்துக்கு எழுதும்போது ஆபத்து என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். மையக்கோட்டிலிருந்து தூரம், தரைக்கு மேல் உயரம், பட்டைக்குள் வருகிறதா இல்லையா என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தேவையில்லாத மேடையானால் முழுவதுமாகத் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். பணம் இல்லை என்றால், முன்பு சொன்ன சர்வதேசத் தரநிலை காட்டும் வழியாக, தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கும்படி மேற்பகுதியை உடைத்து மண்ணிட்டு இறுக்கச் சொல்லுங்கள். விளக்கின் அடித்தளம்போல மேலே இருந்தே ஆக வேண்டியவற்றுக்கு, செங்குத்தான விளிம்பை அதே ஆழம்வரை சரிவாகச் செதுக்கிவிடலாம். கம்பங்களானால் மோதினால் எளிதில் முறியும் வகையைக் கேளுங்கள். மழைக்காலம் முடிந்ததும், புல் வெட்டிய மறுநாள், பட்டை முழுவதையும் வண்டியில் சுற்றாமல் நடந்து பாருங்கள். போன ஆண்டு மட்டமாக இருந்த விளிம்புகளில் எவை வெளியே வந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.